பசை அறைக்காரி

காலை ஆறரைக்குப் பசை அறையைத் திறந்ததும் முத்தாயி தரையில் முழங்காலிட்டு மோந்து பார்ப்பாள். நின்றபடி மோந்தால் தெரியாது. பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும். "நல்லபாம்பு மாதிரி, சத்தமே போடாது" என்பாள். கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, அட்டையால் விசிறி அதை விரட்டிய பிறகுதான் மற்ற ஐந்து பெண்களும் உள்ளே வரலாம்.

மலாக்காவில், டுரியான் துங்கால் சாலையோரம், கேன்வாஸ் சப்பாத்து செய்யும் பட்டறை அது. ரப்பரைப் பெட்ரோலில் கரைத்த பசையால் அடிப்பாகத்தை ஒட்டுவது இவர்கள் வேலை. முத்தாயிக்குத் தோள் அகலம். வாய் அதைவிட அகலம். சுருட்டும் கையுமாக வந்த தவுக்கேயையே, முதலாளி என்றும் பாராமல், வாசலோடு திருப்பியவள். ஆயுத பூசைக்குக்கூட இந்த அறைக்கான கற்பூரம் ரம்புத்தான் மரத்தடியில்தான் எரியும். "சாமிக்குத் தூரத்துப் பார்வை நல்லாத்தான் இருக்குலா!" என்பாள்.

போன வாரம் பட்டறைக்கு மின்சாரம் வந்தது. வயர்மேன் விளக்கையும் சுவிட்சையும் பசை அறைக்குள்ளேயே மாட்டிவிட்டான். முத்தாயி ஆபீசுக்குப் போனாள். அங்கே மூடி மாட்டாத சுவிட்சு ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே நீலமாக ஒரு பொறி.

"கிராணி ஐயா, அதுக்குள்ள நெருப்பு இருக்கு. எங்க பசை அறை சுவிட்சு வெளிய போகட்டும். சுவத்துல கண்ணாடி பதிச்சு, அதுக்கு அந்தாண்ட விளக்கு தொங்கட்டும்."

கணக்கெழுதும் கிராணி கதிரேசு யாழ்ப்பாணத்தார். இங்கிலீஷ் பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பவர், குடையில்லாமல் வெளியே கால் வைக்காதவர். "சும்மா கதையாதையும் முத்தாயி. கடுகளவு பொறி. உதுக்கே பயம்?"

"அப்ப நீங்களே போடுங்க. நாங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறோம்."

இதைக் கேட்டுப் பசை அறைப் பெண்கள் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். குஞ்சம்மா மட்டும் தயங்கினாள். "அக்கா, ஐயாகிட்ட குடைய வாங்கி வச்சுக்குவமா? நல்ல குடை, வீணா எரிஞ்சிரப் போகுது."

அவர்கள் சிரித்த சிரிப்பில் கதிரேசுவின் காது சிவந்தது. அதே ரோஷத்தோடு விறுவிறுவென்று பசை அறைக்குள் நுழைந்தார். உள்ளே ஆறு பசை டின்களும் திறந்தபடி இருந்தன. மனுசன் நிஜமாகவே போடப்போகிறார் என்று முத்தாயிக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கதிரேசு நீட்டிய விரல், சுவிட்சை மூடியிருந்த காய்த்துப்போன கையின்மேல் போய் முட்டியது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தரையிலிருந்து வாடை எழும்பி அவர் மூக்கிலும் ஏறியது.

"வயர்மேனைக் கூப்பிடுங்கோ" என்றார் மெல்ல.

அவன் வந்து, வெளியே மெயினை அணைத்து, திருப்புளியை எடுக்கும்வரை, முத்தாயி அந்தக் கையை எடுக்கவேயில்லை.