கம்பிக்கும் ஒரு வட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘ஆயிட்டா’. யார் எதைச் செய்து முடித்துக் காட்டினாலும், “அப்படி ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு கேள்வி போடுவாள். கரன்ட் போயிட்டா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொட்டுட்டா? ராவும் பகலுமாக உழைத்து முடித்தவனுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டுதான் வரும். என்ன செய்வது, அவளுக்கு வேலையே அதுதான்.

ஆஸ்பத்திரிக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மென்பொருளை அந்த அலுவலகத்தில் எழுதினார்கள். குழந்தையின் தலைமாட்டில் இருக்கும் மானிட்டருக்கு ஒருவர் எழுதுவார். நர்ஸின் மேசையில் இருக்கும் தொடுதிரைக்கு இன்னொருவர் எழுதுவார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கம். தங்கமான மாமியாரையும் தங்கமான மருமகளையும் ஒரே வீட்டில் விட்டுப் பார்த்தால்தானே சங்கதி தெரியும்? அதைத் தெரிந்து சொல்வதுதான் ஆயிட்டாவின் பாடு.

அதற்கு அவள் படம் போடுவாள். கருவி இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஓர் அம்பு. மானிட்டர் ‘சும்மா இருக்கிறது’ என்றொரு வட்டம், ‘கத்துகிறது’ என்றொரு வட்டம், நடுவில் அம்பு. இதற்குத் தானியங்கிப் படம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் சின்னப் பிள்ளை கிறுக்கினது மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டு கருவிகளின் படங்களைக் கணினியில் கொடுத்து ஒன்றோடொன்று பெருக்கச் சொன்னால், இதன் ஒவ்வொரு வட்டமும் அதன் ஒவ்வொரு வட்டத்தோடும் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் என்னென்ன நடக்க முடியுமோ அத்தனையும் திரையில் வந்து நிற்கும். நல்லதும் வரும், கெட்டதும் வரும். நடக்கவே போகாததுகூட, நடக்க முடியும் என்றால், அங்கே ஒரு புள்ளியாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை முதல்முறை பார்த்தபோது அவள் கண்ணை எடுக்கவே இல்லை. மேசையில் காப்பி ஆறி ஆடை கட்டியது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பிரமிப்பு அவளை விட்டுப் போகவில்லை. அதனால் படத்தில் இல்லாதது நடக்காது என்று மனசார நம்பினாள்.

அந்த நம்பிக்கைதான் கூடப்பிறந்தவளின் கழுத்துக்கே கத்தியாக வந்தது.

தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். ஒருநாள் காலையில் அங்கே ஒரு குழந்தை நீலம் பாரித்துவிட்டது. மூச்சு குறைந்தால் கத்த வேண்டிய மானிட்டர் கம்மென்று இருந்தது. பக்கத்தில் போன இன்னொரு நர்ஸ் தற்செயலாகப் பார்த்துக் கூச்சல் போட, டாக்டர்கள் ஓடி வந்து காப்பாற்றினார்கள். பிழைத்ததே பெரிய புண்ணியம். அப்புறம் மானிட்டரின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் ‘பேட்டரி குறைவு’ என்று ஓர் அலாரம். அடுத்து ‘மூச்சு குறைவு’ என்று ஓர் அலாரம். இரண்டையும் சின்னவள் மேசைத் திரையில் ‘பார்த்தாச்சு’ என்று தொட்டு அணைத்ததாகப் பதிவு சொன்னது.

அவளோ, பேட்டரி அலாரம் ஒன்றைத்தான் பார்த்ததாகச் சொன்னாள். அதைத் தொட்டுவிட்டு, மடியில் இருந்த வேறொரு குழந்தைக்குப் பால் புகட்ட முகத்தைத் திருப்பினாளாம். யார் நம்புவார்கள்? ஆஸ்பத்திரி, மென்பொருளை எழுதிய அக்காவின் அலுவலகத்தைக் கேட்டது. அக்காவின் தலைவர் படத்தைப் பார்த்தார். அதில் ‘பார்த்தாச்சு’ தொடாமல் எந்த அலாரமும் அணைய வழியே இல்லை. அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். படத்தைப் போட்டவள் யார்? நம் ஆயிட்டாதான்.

சின்னவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடுவதாகவும், இல்லாவிட்டால் விசாரணை என்றும் தலைமை நர்ஸ் சொல்லி அனுப்பினார். எழுதிக் கொடுத்தவள் அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தொட முடியும்? சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்து கட்டிலில் சுருண்டு கிடந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். நாலு நாள் கழித்து அவளே வாயைத் திறந்தாள்.

“நான்தான் தொட்டிருப்பேன்க்கா. எனக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுது?”

தங்கை பொய் சொல்ல மாட்டாள். படமும் பொய் சொல்லாது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். பெற்ற தாயா, கட்டிய கணவனா என்று கேட்டால் எப்படி முழிப்பார்களோ அப்படி முழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, கடல் தாண்டி இருக்கும் அண்ணன் போன் செய்தான். அவன் பேசுவது இங்கே தாமதமாகத்தான் வந்து சேரும், இங்கே பேசுவது அங்கே இன்னும் தாமதம். சின்னவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள் “ஆமா” என்றாள். அந்த ‘ஆமா’ போய்ச் சேர்வதற்குள் அவன் பொறுமையில்லாமல், நர்ஸ் வேலையையே விட்டுவிடப் போகிறாயா என்று கேட்டு முடித்திருந்தான். அப்போதுதான் அந்த ‘ஆமா’ அவன் காதில் விழுந்தது. அவ்வளவுதான், ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தான். இவ்வளவு படித்துவிட்டு வேலையை விடுகிறேன் என்று வாய் கூசாமல் சொல்கிறாயே என்று திட்டித் தீர்த்தான். “ஐயோ அண்ணா, நான் சாப்பாட்டுக்குச் சொன்னேன்!” என்று அவள் கத்தியது அவனுக்குப் போய்ச் சேரவே ஒரு யுகம் ஆனது.

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா, சோப்பு நுரை கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்பு போட்டால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அனுப்புவதும் பெறுவதும் ஒரே நொடி. படம் சிறியதாக இருக்கும், பெருக்குவதற்கும் லேசு. அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் போட்டார்கள், அவளும் போட்டாள். ஊரில் எல்லாவற்றுக்கும் ‘ஆயிட்டா’ கேட்டவள், சேதி வழியில் இருக்கும்போது இன்னொன்று ஆயிட்டா என்று கேட்கவே இல்லை. மானிட்டருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பிக்கு யாரும் ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து கம்பிக்கும் படம் போட்டாள். கம்பி காலியாக இருக்கிறது, ஒரு வட்டம். வயிற்றில் சேதியோடு இருக்கிறது, இன்னொரு வட்டம். அந்த ஒரே கம்பிக்குள் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. மானிட்டர், மேசை, இரண்டு கம்பி, நாலையும் பெருக்கச் சொல்லிக் கணினியிடம் கொடுத்தாள். ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருந்த படம் திரையை நிறைத்து, இன்னும் பெருகி, புள்ளி புள்ளியாகப் பரவிக்கொண்டே போனது. அடேயப்பா, ஒரு முழம் கம்பியைச் சேர்த்ததற்கு இவ்வளவா? இத்தனையும் இத்தனை நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது, தான்தான் பார்க்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

குழந்தைக்கு மூச்சு குறைகிறது, மானிட்டர் கத்தவில்லை, மேசையில் ஒன்றுமில்லை. அப்படி ஒரு நிலை உண்டா என்று கேட்டாள். உண்டு என்று கணினி காட்டியது. அதற்குப் போகும் வழியையும் காட்டியது.

அவள் விரலை வைத்து ஒவ்வோர் அம்பாகப் படித்தாள். பேட்டரி குறைவு என்று மானிட்டர் கத்துகிறது. நர்ஸ் தொடுகிறாள். ‘பார்த்தாச்சு’ கம்பிக்குள் நுழைகிறது. அது போய்ச் சேரும் முன் மூச்சு குறைய, மானிட்டர் இரண்டாவது அலாரத்தை எதிர்க் கம்பியில் அனுப்புகிறது. இரண்டு சேதியும் வழியில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. வந்த ‘பார்த்தாச்சு’ மூச்சு அலாரத்துக்குத்தான் என்று மானிட்டர் எடுத்துக்கொண்டு வாயை மூடுகிறது. மானிட்டர் அடங்கிவிட்டதால் மேசைத் திரையில் அந்த அலாரம் கண் இமைப்பதற்குள் வந்து மறைகிறது. நர்ஸ் பால் புகட்டத் திரும்பியிருக்கிறாள்.

தங்கையின் காலைப்பொழுது அச்சு அசலாக அங்கே இருந்தது. அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே, சின்னவள் அந்த ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே, இந்தக் கருவிகளுக்கு எழுதி முடித்த அன்றே அந்தப் புள்ளி அங்கே வந்து உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருந்திருக்கிறது. ஆயிட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, பயமா, பிரமிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாம்தான்.

தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. கையெழுத்துப் போட்ட மனுஷன் வேறு.

“படத்துல இருக்குன்னா நடந்துச்சுன்னு அர்த்தம் இல்லையேம்மா.”

“இல்லதான் சார். நடக்கவே நடக்காதுன்னு நாம எழுதிக் குடுத்தது தப்புன்னு அர்த்தம்.”

அவர் அந்த அம்புகளைத் தானும் ஒருமுறை விரல் வைத்துப் படித்தார். பிறகு சோதனை அறையைத் திறக்கச் சொன்னார். அது நல்ல மனுஷனுக்கு அடையாளம், சொல்லத்தான் வேண்டும்.

சின்னவளை வரவழைத்தார்கள். நிஜ மானிட்டர், நிஜத் தொடுதிரை. நடுவில் கம்பியின் சேதியைச் சற்று நிறுத்தி அனுப்பும் ஒரு பெட்டி. குழந்தை மட்டும் இல்லை, அதன் மூச்சுக்குப் பதில் திருக ஒரு குமிழ். பேட்டரி அலாரம் கத்தியது. சின்னவள் ‘பார்த்தாச்சு’ தொட்டாள். அக்கா குமிழைத் திருகினாள். திரையில் ஏதோ சிவப்பாக வந்த மாதிரி இருந்தது, போய்விட்டது. மானிட்டரில் மூச்சின் எண் இறங்கியது, இன்னும் இறங்கியது. மானிட்டர் கத்தவே இல்லை, பதிவில் மட்டும் இரண்டு அலாரத்தையும் அவள் தொட்டதாக விழுந்தது.

“நான் தொடலக்கா” என்றாள் சின்னவள். முதலில் மெதுவாகச் சொன்னாள். பிறகு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அக்காவும் சேர்ந்து அழுதாள். தலைவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தாங்கள் எழுதிக் கொடுத்தது தவறு, அந்த நர்ஸ் மேல் குற்றம் இல்லை என்று அங்கேயே நின்றபடி சொன்னார்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதே மென்பொருளை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று தலைவரிடம் கேட்டாள். பல ஊர்களில் என்றார்.

“அங்கெல்லாம் என்னை மாதிரி யாரையாவது வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களா சார்?”

தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் இரண்டு இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் பேசியவர் யோசித்துவிட்டு, ஒருத்தர் இருந்தாங்க, போன வருஷமே வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க என்றார். தப்பு தன்னோடதுதான்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே, இப்ப எதுக்கு அதைக் கிளறுறீங்க என்று கேட்டார்.

சின்னவள் தலைவரின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“அவங்க நம்பர் இருந்தா குடுங்க” என்றாள். “நான் பேசணும்.”