அந்திரேயாவுக்கு ஓர் அர்ச்சனை

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது இத்தாலியில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் என் பொறுப்பில் இருந்தது. இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில், மின்கம்பியைக் கழற்றினால் உயிரை விட்டுவிடும் ஒரு பழைய மடிக்கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு, இருபத்தைந்து இத்தாலியர்களை ஒரு பருவகாலம் முழுவதும் மேய்த்தவள் நான். அவர்களில் ஒருவருக்கும் என்னைப் பற்றிக் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கணினி சித்தப்பாவுடையது. இத்தாலியில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தவர், பல வருடங்களுக்குப் பிறகு அந்த ஆவணியில் ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தார். அவருக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணம் ஆகவில்லை. அப்பாவின் அக்கா, அதாவது என் மாமி, பக்கத்து வளவில் இருந்தார். தம்பிக்கு ஒரு கலியாணத்தைக் கட்டிவைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். நாலு பெண்களின் சாதகங்களைப் பொருத்தம் பார்த்துத் தயாராக வைத்திருந்தார். சித்தப்பா ஒருத்தி உயரம் என்றார், ஒருத்தி கட்டை என்றார், மூன்றாவது ஆள் நன்றாகப் படித்துவிட்டாள் என்றார், நாலாவதுக்கு ஒரு காரணமும் கிடைக்காமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். மாமி சாதகங்களை மடித்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

போவதற்கு முதல்நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கணினியைத் திறந்து காட்டினார். அது ஒரு விளையாட்டு. அதில் நாங்கள் பந்து அடிப்பதில்லை. கழகத்தை நடத்துவதுதான் வேலை. யாரை இறக்குவது, யாரை இருத்துவது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். திரையில் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடி விளையாடும். சித்தப்பாவின் கழகத்துக்குப் போர்த்தோவெர்னா என்று பெயர். கடற்கரையில் ஒரு சின்ன ஊர். போன வருடந்தான் மேல் பிரிவுக்கு வந்திருந்தது.

“இதை உம்மட்டைத் தந்திட்டுப் போறன்,” என்றார். “கடைசி மூண்டு இடத்துக்குள்ளை மட்டும் வரக்கூடாது. வந்தால் கீழை இறக்கிப்போடுவாங்கள்.”

பிறகு ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். அந்திரேயா, முன்வரிசை ஆட்டக்காரன். எங்கள் பக்கத்தில் அந்திரேயா என்றால் பெண்பிள்ளையின் பெயர். இத்தாலியில் அது ஆம்பிளைக்கு வைக்கிற பெயராம். “இது என்ரை ஆள். ஆர் கேட்டாலும் விக்கக்கூடாது,” என்று சித்தப்பா சொன்னார். அன்றிலிருந்து அவனுக்கு எங்களுக்குள் அதுதான் பெயர்: சித்தப்பாவின் ஆள்.

சனி ஞாயிறில்தான் விளையாட விடுவார்கள். முதல் பத்து ஆட்டத்தில் ஏழு தோல்வி. காரணம் என் நல்ல மனசு. இருபத்தைந்து பேரில் பதினொரு பேரை மட்டும் இறக்கி மற்றவர்களை ஓரத்து வாங்குப் பலகையில் இருத்திவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அன்னதானப் பந்தியில் எல்லோருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதுபோல, கிழமைக்குக் கிழமை ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினேன். முப்பத்தேழு வயதுப் பந்துக்காப்பாளர் ஒருவர் இருந்தார். அவரை இருத்தினால் மனம் நோகும் என்று அவரையே நிறுத்தினேன். பாவம், அவர் குனிவதற்குள் பந்து உள்ளே போய்விடும். ஞாயிறு பின்னேரம் சித்தப்பா கைபேசியில் கூப்பிடும்போது நான் தோல்விகளை ஒப்புவிப்பேன். அவர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்த அப்பாதான் என்னைத் திருத்தினார். வீட்டில் இரண்டாவது மனேச்சர் உருவாகியிருப்பதை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நல்லவராக இருக்கிறவர் மனேச்சர் வேலைக்குச் சரிவராது என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் பத்திரிகையைத் தூக்கினார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஆட்டத்திலிருந்து பதினொரு பேரைத் தெரிந்து அவர்களையே இறக்கினேன். அந்திரேயா அடிக்கத் தொடங்கினான். தலையால் அடித்தான், இடக்காலால் அடித்தான், ஒருமுறை முதுகில் பட்டும் உள்ளே போனது. கடைசி இடத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறி, விழுகிற கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே வந்து நின்றோம்.

அப்போதுதான் அவனுடைய தொடைத்தசை கிழிந்தது. எத்தனை ஆட்டத்துக்கு ஏலாது என்று திரை உறுதியாகச் சொல்லவில்லை. பருவகாலம் முடிவதற்குள் வரலாம், வராமலும் விடலாம் என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிறு மாமியின் கைபேசியைப் பறித்துக்கொண்டு சொன்னேன்:

“சித்தப்பா, உங்கடை ஆளுக்குக் கால் ஏலாமல் போச்சு. எப்ப எழும்புவாரோ தெரியாது.”

“ஐயோ, என்ரை ஆள் இல்லாமல் நான் என்ன செய்யிறது. கவனமாப் பாரும்,” என்றார் சித்தப்பா, ஒலிபெருக்கி வழியாக, விறாந்தை முழுக்கக் கேட்கும்படி. மாமி பக்கத்தில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். முறிக்கிற சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு நயினாதீவு அம்மனிடம் போவதாக அம்மா சொல்லியிருந்தார். எல்லோருக்கும் அர்ச்சனை செய்கிற இடத்தில் அந்திரேயாவுக்கும் ஒன்று செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அர்ச்சனைக்குப் பெயர் மட்டும் போதாது, நட்சத்திரமும் வேண்டும். விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரனின் பிறந்த திகதியும் இருந்தது. நட்சத்திரம் இல்லை. இத்தாலியர்கள் அந்த விஷயத்தில் கவனயீனமானவர்கள். எனவே திகதியைக் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு, பழைய பஞ்சாங்கங்களை எல்லாம் கட்டுக்கட்டாக வைத்திருந்த மாமியிடம் போனேன்.

“ஆற்றை திகதி?” என்று கேட்டார் மாமி.

“சித்தப்பாவின்ரை ஆள்.”

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார். “இத்தாலியிலையோ?”

“ஓம்.”

“பிறந்த நேரம்?”

“அது போடேல்லை, மாமி.”

வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளின் வாயைப் பிடுங்கிக் கதை எடுக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆள் அவர். அந்தப் பெருமையை அன்றைக்குக் கொஞ்சம் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டி, அன்றைக்கு முழுநாளும் விசாகம், நேரம் தேவையில்லை என்றார். நான் ஓடிவந்துவிட்டேன். மாமி சித்தப்பாவின் சாதகத்தை அலுமாரியிலிருந்து எடுத்ததைக் கதவடியில் திரும்பியபோது கண்டேன். கண்டு என்ன, அவர் எப்போதும் எடுக்கிறதுதானே.

போயா அன்று குறிகட்டுவான் துறையில் படகு நிறையச் சனம். பாதிப்பேர் புத்த விகாரைக்கு, பாதிப்பேர் அம்மனுக்கு. கோயிலில் அம்மா எங்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லி முடித்ததும் நான் எட்டி, “அந்திரேயா, விசாகம்,” என்றேன். ஐயர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வெளிநாட்டுச் சனம் நிறைய வருகிற கோயில். அவர் எத்தனையோ பெயரைக் கேட்டிருப்பார். விசாக நட்சத்திரத்தையும் அந்திரேயாவையும் சேர்த்து ஒரு தடக்கலும் இல்லாமல் மந்திரத்துக்குள் நுழைத்து, பூவை எடுத்து அம்மனுக்குப் போட்டார். எனக்குப் புல்லரித்தது. அம்மா அந்தப் பெயரைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் கோயிலுக்குள் ஏசவில்லை. படகில் வரும்போதும் ஏசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே மாமியிடம் போனார். இரண்டுபேரும் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குசுகுசுத்தார்கள். அர்ச்சனைச் சீட்டை அநியாயமாக்கியதற்கு அடி விழப்போகிறது என்று நான் மாமரத்தடியில் போய் நின்றேன். ஒருவரும் அடிக்கவில்லை. அம்மா கூப்பிட்டு எனக்கு இரண்டு வடை தந்தார்.

அம்மனை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசி ஆட்டத்துக்கு அந்திரேயா எழும்பிவிட்டான்.

அது ஒரு ஞாயிறு பின்னேரம். தோற்றால் இறக்கம், சமநிலை வந்தால் தப்பலாம். மின்சாரம் போய்விடக்கூடாதென்று காலையிலேயே பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தியிருந்தேன். ஒரு கோல் வாங்கிப் பின்னுக்கு நின்றோம். நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மாமியும் அம்மாவும் வந்து என் பின்னால் இருந்த கதிரைகளில் இருந்தார்கள். மாமி சித்தப்பாவுக்கு அழைப்பெடுத்தார். அவசரத்தில் முதல் இரண்டு தரமும் இலக்கத்தைப் பிழையாக அமத்தினார். எங்கள் கழகத்தில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

“தம்பி, நீ ஒண்டும் சொல்ல வேண்டாம்,” என்று தொடங்கினார் மாமி. “உன்ரை ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியும். சாதகமும் பாத்திட்டன். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கு. கூட்டிக்கொண்டு வா.”

மறுபக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. திரையில் எண்பத்தைந்தாவது நிமிடம்.

“ஆர் அக்கா சொன்னது?” என்றார் சித்தப்பா. குரல் அவருடையதைப்போல இல்லை. பிறகு, “அவ வேதக்காரர், அக்கா. சிங்களம். நீர்கொழும்பு. அதாலைதான் நான்...” என்று நிறுத்திவிட்டார்.

“இத்தாலிக்காரி இல்லையோ?”

“இல்லை, அக்கா.”

மாமி கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். “அப்ப சோறு தின்னுவா,” என்றார்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் மூலையிலிருந்து வந்த பந்துக்கு அந்திரேயா எழும்பினான். தலையால் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று, சமநிலை! நான் போட்ட கூச்சலில் கிணற்றடியிலிருந்து அப்பா ஓடிவந்தார். திரும்பிப் பார்த்தால் மாமியின் கண்ணிலிருந்து நீர் ஓடுகிறது, அம்மா சிரித்துக்கொண்டே அழுகிறார். கைபேசிக்குள் சித்தப்பாவும் அழுகிறார். ஓர் உதைபந்தாட்டக் கழகத்துக்காக ஒரு குடும்பம் இப்படி அழுததை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

அடுத்த ஆவணியில் சித்தப்பா சித்தியோடு வந்தார். நீர்கொழும்பில் தேவாலயத்தில் மோதிரம் மாற்றி, எங்கள் ஊரில் தாலி கட்டினார்கள். சித்திக்கு வேறு பெயர். வேதக்காரருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று மாமியே அதற்குக் காரணம் கண்டுபிடித்தார். சித்தி மாசியில் பிறந்தநாள் கொண்டாடியபோதும் மாமி அசரவில்லை, பதிவில் பிழை விட்டிருப்பார்கள் என்றார். எங்கள் தீவில் பதிவில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு பிறந்தநாள் உள்ளவர்கள் எத்தனைபேர். நீங்கள் நினைக்கிறதைவிட நல்ல சோடி அவர்கள். மாமிக்கு இப்போது கால்கழுவ வெந்நீர் வைத்துக் கொடுக்கிறதும் விடுமுறைக்கு வருகிற சித்திதான்.

போன வருடம் வந்திருந்தபோது சித்தப்பா என்னிடம் ஓர் இரகசியம் சொன்னார். தன் அக்கா வாழ்க்கையிலேயே ஒரே ஒரு பொய்தான் சொன்னவராம். பிறந்த திகதியே தெரியாமல் எட்டுப் பொருத்தம் என்று சொன்னாராம், இனசனத்தின் வாயை அடைக்க. அந்த ஒரு பொய்க்காகவே அக்காவைக் கும்பிடலாம் என்றார். எனக்குக் கொப்பித்தாளும் ஒக்டோபர் மாதத்துத் திகதியும் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. சித்தப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். மாமி பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. சித்தப்பாவுக்கும் அந்திரேயாவுக்கும் உண்மையிலேயே பத்துக்கு எட்டு.

இது ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சித்தப்பா கைபேசியை வைத்த பிறகு மாமி என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார்.

“ஒரு மாதிரித் தப்பிச்சம், பிள்ளை,” என்றார்.

“ஓம் மாமி,” என்றேன். “ஒரே ஒரு புள்ளியாலை.”