தூசி புகாத பால்கனி

ஜியென் யுங்-ஃபா துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். மழை ஓயாத கீலுங் ஊரில் எங்கள் நாலுமாடிக் குடியிருப்பில் அவன் மேல்தளம், நான் அவனுக்கு நேர் கீழே. துணி பிரித்துத் தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். மேலே ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கும் கடகடச் சத்தம் கேட்டால் அவனுக்கு அன்று லீவு என்று தெரிந்துகொள்வேன்.

அவனை யாரும் பெயிண்ட் அடிக்கச் சொல்லவில்லை. துறைமுகச் சாலையில் மழைக்கு வழுக்கி விழுந்ததில் அவனுடைய ஸ்கூட்டரின் முன்மூடியில் பெயிண்ட் உரிந்துபோனது. அந்த நிறத்தில் புது மூடி வருவது நின்றுபோய்ப் பல வருஷமாயிற்று. சரி, நாமே அடித்துப் பார்ப்போம் என்று இரண்டு டப்பா வாங்கி வந்தான். முதல் தடவை பெயிண்ட் வழிந்து கோடுகோடாக நின்றது. இரண்டாம் தடவை ஈரக்காற்று பட்டு மேலே வெள்ளையாகப் பூத்தது. மூன்றாம் தடவை சின்னச் சின்ன வட்டமாகப் பெயிண்ட் விலகிப் பள்ளம் விழுந்தது. அதற்கு மீன்கண் என்று பெயர்.

அவன் மனைவி பீ-யுன் அதைப் பார்த்து, "என்னது, அம்மை போட்ட மாதிரி இருக்கு? களிம்பு தேய்ச்சு விடவா?" என்று சிரித்தாள்.

மீன்கண் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மாதம் ஆனது. பீ-யுன் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். முட்டை அடை சுட்டுவிட்டு வரும்போது உடம்பெல்லாம் எண்ணெய்ப் புகை. அவளுடைய மேலங்கி பின்பால்கனியில் தொங்கும், அவன் பெயிண்ட் அடிப்பதும் அங்கேதான். எண்ணெய்த் துளி பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது.

"நான் என்ன எண்ணெய்ச் சட்டியா? வீட்டுக்குள்ளயாவது விடுவியா?"

"விடுவேன். அடிச்சது காயற வரைக்கும் பால்கனிப் பக்கம் மட்டும் வராத."

அதற்குப் பிறகு அவனுடைய வேலை சுத்தமாயிற்று. பாத்திரம் கழுவும் சோப்பால் பாகத்தைக் கழுவுவான். தண்ணீர் விட்டு நைஸ் உப்புத்தாளால் தேய்ப்பான். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்த பிறகு விரல் நுனிகூடப் படவிட மாட்டான். நூல் உதிரும் என்று பருத்திச் சட்டையைக் கழற்றிவிட்டு மழைக்கோட்டுப் போட்டுக்கொள்வான். தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பான். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்தெடுத்து, பாகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக முதல் தூவல். பத்து நிமிஷம் காத்திருந்து அடுத்தது. தெருவில் நாலைந்து பேர் தங்கள் ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு மட்டும் அந்த வாசனை வந்தாலே சிலிண்டர் ஞாபகம்தான் வரும். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பின்பால்கனியில்தான் கேஸ் சிலிண்டர், சுவரில் வெந்நீர் ஹீட்டர். குழாயைத் திறந்தால் அது தானாக டிக் டிக் என்று பொறி விட்டுப் பற்றிக்கொள்ளும். அந்தப் பொறி பெயிண்ட் ஆவியில் பட்டால் என்னாகும் என்று ஒருநாள் படிக்கட்டில் அவனிடம் கேட்டே விட்டேன்.

"சிலிண்டரை மூடிடுவேன், ஹீட்டர் பேட்டரியையும் கழட்டி வச்சிடுவேன் அக்கா. ஜன்னலும் தொறந்துதான இருக்கு. நான் என்ன பைத்தியமா?"

அது உண்மைதான். மூன்று வருஷம் அப்படித்தான் செய்தான்.

நாலாம் வருஷம், சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்ததும் லியாவ் வந்தார். மீன் ஏலத்தில் தரகர். அந்த மாதம் பதினாலாம் தேதி நடக்கும் விளக்கு ஊர்வலத்தில் கோயில் கூட்டத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர். அவர் குரலுக்கே எங்கள் சந்து ஒதுங்கும். வண்டியின் பெட்ரோல் டேங்கைப் போர்த்தும் பெரிய மூடியையும் இரண்டு பக்கப் பலகைகளையும் கழற்றிக்கொண்டு வந்து யுங்-ஃபாவின் மேஜையில் வைத்தார்.

"பதினாலாம் தேதி ஊரே பாக்கும். சிவப்பு பளபளன்னு இருக்கணும். ஒரு புள்ளி விழுந்தாலும் அசிங்கம் எனக்கில்ல தம்பி, உனக்குத்தான்."

பீ-யுன் அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டாள். "இந்த மாசம் வேணாம்னு சொல்லு. அவங்க சுத்திக்கிட்டிருக்கிற மாசம்."

"யாரு?"

"நல்ல அண்ணன்மாருங்க. பேரைச் சொல்ல வைக்காத என்னை." ஏழாம் மாதத்தில் வெளியே வந்து அலையும் ஆவிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

அவன் கேட்கவில்லை. பிரைமர் என்கிற அடிப்பூச்சு நன்றாக விழுந்தது. சிவப்பு அடித்தபோது டேங்க் மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு மீன்கண். பெயிண்டையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தான். இந்தத் தடவை மழை. வெள்ளையாகப் பூத்துவிட்டது. மறுபடி தேய்த்தான். பதினாலாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது, புயல் எச்சரிக்கை வேறு. படிக்கட்டில் பார்த்தபோது அவன் முகம் வற்றிப்போயிருந்தது. "சோறு எறங்கல அக்கா. கண்ணை மூடினா அந்த மூடிதான் தெரியுது" என்றான்.

மறுநாள் புயலுக்காகத் துறைமுகத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். பீ-யுன் விடியும் முன்பே கடைக்குப் போயிருந்தாள். இவன் பால்கனியை அடைத்தான். ஜன்னலை இழுத்து மூடி, கம்பிக்கு உள்பக்கம் மேலிருந்து கீழே பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டினான். பால்கனிக்குள் நின்றபடியே வீட்டுப்பக்கச் சறுக்குக் கதவைச் சாத்தி, அதன் அடியில் ஈரத்துணியைத் திணித்தான். ஒரு தூசி, ஒரு துளி ஈரக்காற்று வரக்கூடாது. அந்த நேரம் பார்த்து லியாவிடமிருந்து போன்.

"என்னாச்சு? கோயில்ல கேக்கறாங்க. முடியாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, வாயில கொழுக்கட்டையா?"

போனை வைத்த கையோடு டப்பாவை எடுத்து நேரே வேலையில் இறங்கிவிட்டான். சிலிண்டரை மூடவில்லை. பேட்டரியைக் கழற்றவில்லை.

முதல் தூவல், இரண்டாம் தூவல். மூன்றாவதில் சிவப்பு கண்ணாடி மாதிரி படிந்தது. ஒரு புள்ளி இல்லை. மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றானாம். தலை கிறுகிறுத்தது. அப்போதுதான் குளியலறைக் குழாய் முனகியது.

புயலுக்கு ஆள் வரவில்லை என்று பீ-யுன் கடையைச் சாத்திவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள். தொப்பலாக நனைந்திருந்தாள். பால்கனிக் கதவு மங்கல் கண்ணாடி, அதற்குப் பின்னால் துணி திணித்திருப்பது அவளுக்குத் தெரியாது. புருஷன் துறைமுகத்தில் இருக்கிறான் என்று நினைத்து நேராகக் குளிக்கப் போய் வெந்நீரைத் திருப்பினாள்.

"பீ-யுன்! மூடு! மூடு!" என்ற கத்தல் என் வீட்டில் கேட்டது. கூடவே டிக் டிக் டிக்.

பெரிய வெடிச்சத்தம் எதுவும் இல்லை. 'குப்' என்று கனமான போர்வையை உதறுகிற மாதிரி ஒரு ஓசை. மேலே ஜன்னல் கண்ணாடி உடைந்து, என் பால்கனிக் கம்பிக்கு வெளியே எரிகிற பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியோடு மாடிப்படி ஏறினேன். சிலிண்டர், சிலிண்டர் என்றே வாய் முணுமுணுத்தது.

கதவைத் திறந்தவள் பீ-யுன். துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு நின்றாள். "உள்ள இருக்கான் அக்கா, உள்ள இருக்கான்!"

சறுக்குக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சமும் அவன் நிழலும். கதவு அசையவில்லை. அவன் திணித்த துணியே ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். உள்ளே அவன் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தான். எங்கள் பக்கம் வராமல் ஏன் குனிகிறான் என்று எனக்குக் கோபமே வந்தது. பிறகு தெரிந்தது, தீ பிடித்த மழைக்கோட்டுக் கையோடு சிலிண்டரின் வால்வைத் திருகிக்கொண்டிருந்தான். மூன்று சுற்று. நான் எண்ணவில்லை, அவன்தான் பின்னால் சொன்னான்: "ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை செத்தேன் அக்கா."

பீ-யுன் கதவில் காலை ஊன்றி இழுத்தாள். துணி கிழிந்து கதவு ஒரு முழம் திறந்தது. அவனை மழைக்கோட்டோடு பிடித்து உள்ளே இழுத்துப்போட்டு, குளியலறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு அடியில் தள்ளினாள். நான் வாளியால் பால்கனியில் ஊற்றினேன். ஸ்ப்ரே டப்பா ஒன்று வெடித்துச் சுவரில் மோதியது. அத்துடன் அடங்கியது.

இடது கை தோள்வரை வெந்திருந்தது. புருவம் இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். பீ-யுன் தெருமுனையில் ஆவிகளுக்குப் படைக்கும் காகிதப் பணம் எரித்து, அண்ணன்மாரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் அதைக் கேள்விப்பட்டு, கட்டுப்போட்ட கையோடு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அவங்க மேல பழி போட வேணாம்னு சொல்லுங்கக்கா. வால்வை மூடாதது நான்."

லியாவ் பழப்பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பீ-யுன் எழுந்து நின்றாள். அவர் திட்டப்போகிறார் என்று நானும் நினைத்தேன். அவர் பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"ஒரு பெயிண்டுக்காடா?" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "அழுக்கா இருந்தாலும் ஓட்டியிருப்பேனே, பாவி."

பதினாலாம் தேதி ஊர்வலத்தில் பாகங்களே இல்லாத வண்டியை ஓட்டினார். எலும்புக்கூடு போகிறது என்று வழியெல்லாம் சிரித்தார்களாம்.

யுங்-ஃபா மறுபடி பெயிண்ட் அடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. இப்போது மொட்டை மாடியில், நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைக்குக் கீழே, காற்று குறைந்த உலர்ந்த நாட்களில் மட்டும். அப்படிப்பட்ட நாள் கீலுங்கில் எத்தனை வரும்? தூசி விழத்தான் செய்கிறது. காய்ந்த பிறகு நைஸ் உப்புத்தாளால் தேய்த்து மேலே இன்னொரு பூச்சுப் பூசுகிறான். முன்னைப்போல் பளபளப்பு இல்லை என்று ஒருத்தர் குறை சொன்னார். "அப்ப கடைக்குக் கொண்டுபோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பால்கனி ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், வெறும் கம்பிதான் இருக்கிறது. இருந்தும் பீ-யுன் தனியாக வெந்நீரைத் திறப்பதில்லை. அவன் பால்கனியில் ஹீட்டர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். தினமும் மத்தியானம் எனக்குக் கேட்கும்.

"நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"மோந்து பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல. தொற."

டிக் டிக் டிக். தையல் மெஷினின் மிதியில் என் கால் அப்படியே நின்றுவிடும். நீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் மிதிப்பேன்.