சந்தனம் வைத்த பந்து

ஆயுத பூசையன்று காலை பத்தரை மணிக்கு என் கை சும்மா இருந்திருக்கலாம். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டில் காரிலிருந்து கணினிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். வெற்றிபெற்ற அணிகள் கையெழுத்திட்ட பழைய காற்பந்துகளை என் மகன் சேகரிக்கிறான். மேசையில் இருந்த ஒரு பந்துக்கும் பொட்டு வைத்தேன். சந்தனம் வழியவே ஈரத்துணியால் துடைத்தேன். துணியெல்லாம் நீல மை.

மகனின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, இது என்னோடது இல்ல. செமினி ஊர்ல இருக்காரே, அந்த அங்கிளோட டீம் கப் ஜெயிச்ச பந்து. போட்டோ எடுக்கத்தான் குடுத்தாரு. மத்தியானம் வாங்க வராரு."

"மார்க்கர்ல திரும்ப எழுதிடலாமா?"

"கள்ளக் கையெழுத்தா? நீங்க பேசாம இருங்கம்மா."

இப்போது அவன் பொருள் எதையும் நான் கேட்காமல் தொடுவதில்லை. கேட்டாலும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வருகிறது.

அன்று மத்தியானம் பந்தை வாங்க செமினிப் பெரியவர் வந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பந்தை மடியில் வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தார்.

"நீங்களாவது மறுபடி சைன் பண்ணுங்க அங்கிள்" என்று மகன் பேனாவை நீட்டினான்.

"மத்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க, தம்பி. நான் ஒருத்தன் போட்டா அது டீம் பந்தா லா?" என்றார்.