என் பெயர் வீடு மாறிய வாரம்

கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசைக்கு அப்பாவால் வர முடியவில்லை. துபாயில் லாரி ஓட்டுகிறவருக்கு நினைத்த நாளில் லீவு கிடைக்குமா? நான் அழுத அழுகையில் அம்மா தைத்துக்கொடுத்த வெள்ளைக் கவுனே நனைந்துபோனது. பொறுக்க மாட்டாமல் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மார்தட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? ஒங்கப்பா அங்கருந்தே பாப்பாரு. நம்ம வெப்சைட்ல போட்டுடறேன்."

ஆமாம், என் பெயரில் ஓர் இணையதளம் இருந்தது! செல்போனில் படம் அனுப்புவதெல்லாம் எங்கள் ஜவ்வாது மலையை எட்டிப் பார்க்காத காலம் அது. வேலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மாமா, மருமகள் மேல் வைத்த பாசத்தில் என் பெயரையே பதிவு செய்து, ஞானஸ்நானப் படம் முதல் பல் விழுந்த படம் வரை ஏற்றி வைத்திருந்தார். அப்பா அங்கே ஒரு பிரௌசிங் சென்டரில் அதைத் திறந்து பார்ப்பார். ஆனால் தளம் இருந்த இடம் ஓசியில் கிடைத்தது. நாலு படம் கூடப் போட்டால் மூச்சு வாங்கும். புதுநன்மைப் படங்களுக்காகவே மாமா வேறு பெரிய இடம் பிடித்தார்.

வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து ஒடுகத்தூருக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் பாடம்தான்.

"வெப்சைட்டுக்கு ஒரு பேரு. அது குடியிருக்கற எடத்துக்கு ஒரு நம்பரு. நமக்குப் பேருதான் ஞாபகம் இருக்கும், கம்ப்யூட்டருக்கு நம்பருதான் வேணும். அதனால அது பேரச் சொல்லி விசாரிக்கும். இப்ப நம்ம வூட்டுக்கு ஒருத்தர் புதுசா வர்றாரு. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல கேட்டா இன்னா சொல்வாங்க? மலை பஸ்ஸுல ஏறுங்கன்னுவாங்க. கண்டக்டர் நம்ம ஊருல எறக்கி வுடுவாரு. ஊருல கேட்டா வாசல்லயே கொண்டாந்து வுட்ருவாங்க."

"பஸ் ஸ்டாண்டுல இருக்கறவங்களுக்கு நம்ம வூடு தெரியாதா மாமா?"

"தெரியாது. ஆனா அடுத்து யாரக் கேக்கணும்னு தெரியும். அது போதும்."

ஒடுகத்தூர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படங்களைப் புது இடத்தில் ஏற்றினார். என் பெயருக்கு நேராக இருந்த நம்பரை மாற்றினார். கையோடு பழைய இடத்தில் இருந்த அத்தனையையும் அழித்தார். வாடகை வீட்டைக் காலி செய்தால் அடுப்புக் கரியைக்கூடக் கழுவிவிட்டுச் சாவி கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. "குப்பைய வுட்டுட்டு வந்தா ஊரு இன்னா பேசும்?" என்றார் மாமா. திரையில் கிரீடமும் மெழுகுவர்த்தியுமாக நான் நின்றேன். அடேயப்பா, எனக்கே என்னைப் பிடித்துப்போனது!

அப்பா வெள்ளிக்கிழமைதான் போன் செய்வார். மணி அடித்ததும் நான் பாய்ந்தேன்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன் கண்ணு. வானத்துலருந்து எறங்குன சம்மனசு மாதிரி இருக்க."

"கவுன் நல்லாகீதா?"

"ரொம்ப நல்லாகீது."

பிறகு மாமாவிடம் கொடுக்கச் சொன்னார். கேட்கக் கேட்க மாமாவின் முகம் சுண்டிப்போனது. "அக்கா, ஒடுகத்தூர் போய்ட்டு வர்றேன்" என்று இலையில் போட்ட சோற்றை விட்டு எழுந்து ஓடினார். அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

இன்று நானும் மாமா பார்த்த அதே கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறேன். நடந்தது என்னவென்று தெரியும். கம்ப்யூட்டர் ஒரு முறை விசாரித்து வழி தெரிந்துகொண்டால், கொஞ்ச காலத்துக்கு மறுபடி யாரையும் கேட்பதில்லை; ஞாபகத்தில் வைத்திருக்கும் நம்பருக்கே நேராகப் போய்விடும். அந்த ஞாபகம் காலாவதியான பிறகுதான் புதிதாக விசாரிக்கும். ஒடுகத்தூரில் என்னைத் தேட யார் இருந்தார்கள்? அங்கே புதிதாக விசாரித்ததால் புது இடம் திறந்தது. அப்பாவோ, படம் வந்துவிட்டதா என்று அந்த வாரம் முழுக்க டியூட்டி முடிந்ததும் சென்டருக்கு ஓடியிருக்கிறார். அவர் ஆசையோடு தேடியதாலேயே அங்கே பழைய நம்பர் ஞாபகத்தில் இருந்தது. மாமா துடைத்துப் போட்ட இடத்துக்கே அது அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் பார்த்தது வெற்றுப் பக்கம்.

காத்திருந்தால் தானே சரியாகியிருக்கும். ஆனால் மனசு கேட்குமா? மாமா அன்று மாலையே, காலியாகக் கிடந்த பழைய இடத்திலும் அதே படங்களை ஏற்றிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை போன் அடித்தபோது வீடே பதறியது. வெள்ளி தவிர வேறு நாளில் அப்பா கூப்பிட்டதே இல்லை. என்னைத்தான் கேட்டார்.

"பாத்தேன் கண்ணு" என்றார். மறுபடியும், "பாத்தேன்" என்றார். அவர் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது.

"அதான் நேத்தே பாத்துட்டியேப்பா?" என்றேன்.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே பார்த்த படத்துக்கு ஒரு பெரிய மனுஷர் இப்படி அழுவாரா என்று நான் வெட்கத்தோடு மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.