அதிரசம் பூஜ்யம் என்று சொன்ன சிவா சார்

கிள்ளானில் மகள் வீட்டில் உளுந்து வறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த சிவா சார் காலமாகிவிட்டார் என்றார்கள். காலேஜில் லீனியர் புரோகிராமிங், அதாவது இருப்பதை வைத்து அதிக லாபம் பார்க்கும் கணக்கு, நடத்தியவர். அவருடைய மாணவர்களான உங்களுக்கு, என் அடுப்படியில் அவர் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு கிள்ளான் கடைக்காரர் ஒருவர், "முறுக்கு, அதிரசம் எது எவ்வளவுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க அக்கா. சரக்கு சொன்ன நாளுக்கு வந்தா வருசா வருசம் உங்களுக்குத்தான்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் கடை ஆர்டர் அது. தூக்கம் போய்விட்டது. சாரிடம் போனேன்.

அவர் பென்சிலை எடுத்து, "முறுக்கை எக்ஸுன்னு வச்சுக்குவோம்" என்றார்.

"முறுக்குன்னு பேர் இருக்கே சார், அப்புறம் எதுக்கு எக்ஸு?"

சிரித்துக்கொண்டே 'மு', 'அ' என்று மாற்றி எழுதினார். ஒவ்வொன்றிலும் என்ன லாபம், அடுப்பு எத்தனை மணி நேரம் எரியும், வேலைக்கு எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு வரிவரியாக எழுதினார். மறுநாள் விடையோடு வந்தார்.

"முறுக்கு மட்டும் போடுங்க அக்கா. அதிரசம் பூஜ்யம்."

"தீபாவளிப் பெட்டியில இனிப்பு இல்லாட்டி யாரு வாங்குவா லா? உங்க வீட்டுல வாங்குவாங்களா?"

சார் மறுபடி பென்சிலை எடுத்தார். "கணக்கு சரிதான் அக்கா. நான்தான் உங்கள முழுசா கேக்கல." மூன்று பொட்டலம் முறுக்குக்கு ஒரு பொட்டலம் அதிரசமாவது வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தார். அதிரசம் சிறு தீயில் வேக வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உதவிக்குக் காப்பார் ஊரிலிருந்து என் நாத்தனாரைக் கூப்பிடுவதாக இருந்தேன். புது விடையைப் பார்த்துவிட்டு, "ஆளு மிச்சம் இருக்கு, அடுப்புதான் பத்தல. நாத்தனார் வேணாம், அவங்க அடுப்ப மட்டும் வரச் சொல்லுங்க" என்றார்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் அடுப்பை அணைத்துக்கொண்டு நாத்தனாரும் வந்து இறங்கினாள். "அடுப்புக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா அண்ணி?"

சரக்கு ஒருநாள் முன்னதாகவே கிள்ளான் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைக்காரர் இன்றுவரை வேறு யாரிடமும் போகவில்லை. "என் கணக்கைத் திருத்தினவங்க" என்று சார் என்னைத் தன் வகுப்பிலேயே நிறுத்திக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; அன்று காலேஜ் படியேறினேன்.

"வேற என்ன சொல்லாம விட்டீங்க அக்கா?" என்று கேட்டுவிட்டு, பென்சிலோடு அவர் காத்திருப்பார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேன். இப்போது மருமகள் ஏதாவது திட்டத்தோடு வந்தால், "வேற என்னம்மா?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க மட்டும் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன், சார்.