பாடி முசிறியில், இன்ஜின் திருவெள்ளறையில்

எங்கள் வீட்டு கேட்டுக்குள் அந்தக் கார் நுழையவில்லை. முசிறியிலிருந்து அதை ஏற்றி வந்த லாரிக்காரர் இறங்கி, காரையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், வண்டிய வெட்டுறதா, செவுத்த இடிக்கிறதா?" என்று கேட்டார். என் கணவர் யோசிக்கவே இல்லை. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார்.

அவர் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவர். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் பழைய அமெரிக்கக் கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். நான் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் குழாய் ஒழுகினாலும் கீல் உடைந்தாலும் நான்தான். ஆகவே அவர் கார் வாங்கியிருக்கிறார் என்றால், எனக்கு வேலை வந்திருக்கிறது என்று பொருள். கே.கே. நகரில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, அன்று சுவர் இடிந்தது, கார் உள்ளே வந்தது.

நீண்ட மூக்கு, இரண்டே கதவு, இடது பக்கம் ஸ்டியரிங். ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று சொல்ல முடியாதபடி துரு. தரைத்தகடு ஓட்டையாகி, உள்ளே உட்கார்ந்தால் எங்கள் வீட்டு சிமெண்டுத் தரை தெரிந்தது. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன். உள்ளே வாழை நார்க் கட்டு ஒன்று கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

"ஏங்க, இன்ஜின் எங்கங்க?"

"இருக்கு."

"எங்க?"

"திருவெள்ளறைல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார்.

விஷயத்தை அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. முசிறியில் வாழைக்காய் வியாபாரம் செய்த ஒருவர், ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சென்னையில் இந்தக் காரை வாங்கியிருக்கிறார். எழுபதுகளில் நடந்தது. அவர் காலமானதும் இரண்டு மகன்களும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நிலம் பிரிந்தது, வீடு பிரிந்தது, காரில் வந்து நின்றது. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்துப் பேச வந்தவர்களுக்குப் பொறுமை போய், "ஒருத்தன் பாடிய எடுத்துக்க, இன்னொருத்தன் இன்ஜின எடுத்துக்க" என்று கோபத்தில் சொன்னார்களாம். சொன்னவர்களே எதிர்பார்க்கவில்லை, அண்ணனும் தம்பியும் சரி என்றுவிட்டார்கள். பாடி பெரியவரின் மண்டிக்குப் போனது. சின்னவர் இன்ஜினைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, மனைவியின் ஊரான திருவெள்ளறைக்குக் கொண்டுபோனார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. இப்போது இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

"அவர் குடுப்பாருன்னு எந்த தைரியத்துல வாங்கினீங்க?" என்றேன்.

"நீ வந்து பேசினா குடுப்பார்" என்றார்.

நான் உடனே போகவில்லை. முதலில் பாடியைச் சரிசெய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தகடு வெட்டி, வளைத்து, ஒட்டினேன். பொறி பறக்கும்போதெல்லாம் என் கணவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று குரல் கொடுத்தார். அவருக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலையைக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையாகத் தேய்த்தார். மாணவர்களின் விடைத்தாளைக்கூட அவ்வளவு பொறுமையாகத் திருத்தியிருக்க மாட்டார். கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு வந்த பிறகுதான் பிரைமர் அடித்தோம். அதன் பிறகு திருவெள்ளறைக்குப் புறப்பட்டோம்.

சின்னவர் எங்களை வயலுக்கு அழைத்துப் போனார். கிணற்றடியில் பம்ப்செட் அறை. உள்ளே தார்ப்பாய் போர்த்தி இன்ஜின் இருந்தது. எட்டு சிலிண்டர். ஒரு கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோல அறையை அடைத்துக்கொண்டிருந்தது.

"இதுல தண்ணி எறைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு போகம் எறைச்சேங்க. வயலுக்குப் பாஞ்ச தண்ணிய விட அது குடிச்ச எண்ணெய் ஜாஸ்தி. அப்புறம் கரண்ட் மோட்டார் போட்டுட்டேன்."

தார்ப்பாயை விலக்கினார். துரு இல்லை. எண்ணெய் பூசியிருந்தது. அவ்வப்போது கையால் சுற்றிவிடுவாராம், இறுகிப்போகக் கூடாதென்று. இப்படி வைத்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கமாகிவிட்டது. என் கணவர்தான் கேட்டார்.

"விக்கிறதுக்கு இல்லைங்க" என்றார் சின்னவர்.

"வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. எங்கண்ணன்கிட்ட இல்லைல்ல, அது போதும்."

எழுந்து கிளம்பும்போது, சும்மா பார்க்கட்டுமே என்று என் போனில் இருந்த காரின் படத்தைக் காட்டினேன். வாங்கி, விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார்.

"இந்த வலது கதவு சாத்துதா?"

"நல்லா சாத்துதுங்க. கீல் புதுசா அடிச்சேன்."

"நீங்களா அடிச்சீங்க? எங்கப்பா இருந்த காலத்துலயே அது சாத்தாதுங்களே! கயிறு கட்டித்தான் ஓட்டுவார்" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எடுத்துட்டுப் போங்க. ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு என்னைக் கூப்பிடணும். அவருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு சின்ன சிக்கல். பெரியவரும் இதையேதான் கேட்டார். தம்பிக்குத் தெரியக்கூடாதுன்னு வேற சொன்னார்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"ரெண்டு பேரையும் கூப்பிட வேண்டியதுதான்."

இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க மாதக்கணக்கில் ஆனது. பிஸ்டன் ரிங் அமெரிக்காவிலிருந்து கூரியரில் வந்தது. வேறு சிலவற்றை எங்கள் பட்டறைக்குப் பக்கத்து லேத்தில் கடைந்தோம். எல்லாவற்றையும் அந்தக் காலத்துப்படியே வைக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. திருச்சி வெயிலுக்கு அந்த ரேடியேட்டர் தாங்காது, லாரி ரேடியேட்டரை வெட்டிப் பொருத்தினேன். நம் ஊர் வேகத்தடைகளுக்காகக் காரை ஒரு சாண் தூக்கினேன். ரெக்சின் சீட்டில் மே மாதம் உட்கார முடியாது என்பதால் உறையூர்த் தறித்துணியில் உறை தைக்கக் கொடுத்தோம். நிறத்துக்குத்தான் வீட்டில் சண்டை. அவருக்குக் கறுப்பில் வெள்ளைப் பட்டை வேண்டும். எனக்கு வாழைப்பூ மடலின் நிறம் வேண்டும். வெல்டிங் செய்தது யார் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். வாழைப்பூ நிறமே அடித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவர் முதலில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். நாற்காலியில் உட்கார்ந்து காபியை வாயில் வைக்கும்போது சின்னவர் பைக்கில் வந்து இறங்கினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என் கணவரைப் பார்த்தார்கள். அவர் அவசரமாக, "பாட்டரி பாக்கணும்" என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினேன். சைலன்சரில் வெடித்த வெடியில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். கார் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

"அவங்ககிட்ட சொல்லுங்க, கார்புரேட்டர் லீவர கையால அழுத்தணும்னு" என்று சின்னவர் என் கணவரிடம் சொன்னார்.

"சோக்க பாதிதான் இழுக்கணும். முழுசா இழுத்தா மூச்சு முட்டும். அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கார்னு சொல்லுங்க" என்று பெரியவர் அதே கணவரிடம் சொன்னார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க உக்காருங்க. சின்னண்ணே, நீங்க லீவர அழுத்துங்க" என்றேன்.

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சின்னவர் பானெட் பக்கம் போனார். சாவி திரும்பியது. இருமல், புகை, ஒரு உறுமல்.

"டேய், விடாத! விடாத, அழுத்து!" என்று பெரியவர் கத்தினார்.

"விடலண்ணே, நீங்க சோக்க உள்ள தள்ளுங்க!"

இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தம். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான்.

அப்படியே ஸ்ரீரங்கம் வரை போய் வரலாம் என்றார் பெரியவர். ஓட்டுவதற்கு அவரே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இடது ஸ்டியரிங் என்பதால் முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட எதிரே இடம் இருக்கிறதா என்பதை வலது பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் சின்னவர். "இருங்கண்ணே... ஆட்டோ வருது... இப்ப வாங்க, வாங்க வாங்க!" என்று காவிரிப் பாலம் முழுவதும் அவர் குரல்தான். பின்சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க நானும் என் கணவரும். இத்தனை வருஷம் கனவு கண்ட காரின் முதல் ஓட்டத்தில் அவர் ஜன்னல்கூட இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தார். அது நினைவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ராஜகோபுரத்துக்கு முன்னால் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. யார் யாரோ காரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் நால்வரும் ஓரமாக நின்று காபி குடித்தோம். அப்போதுதான் பெரியவர் என் கணவரிடம், "என் பேத்திக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியத் தரணும்" என்றார்.

சின்னவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணமா? எனக்குத் தெரியாதே" என்றார். குரலில் கோபம் இல்லை.

பெரியவர் தொண்டையைச் செருமினார். நாங்கள் இருவரும் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டோம்.

"பத்திரிகை இன்னும் அடிக்கல" என்றார் பெரியவர். கொஞ்சம் பொறுத்து, "வண்டிய நீ ஓட்டுறியா?" என்று கேட்டார்.

தை மாதம் கார் முசிறிக்குப் போனது. தெருவே அடைத்துக்கொண்டு மேளம் முன்னால் போக, சின்னவர் பட்டு வேட்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். பெரியவர் காருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, "மெல்லடா, மெல்ல! அது டிராக்டர் இல்ல!" என்று கையை ஆட்டினார். அவர்களுக்குள் பழைய மனஸ்தாபம் முழுதும் தீர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. என் கணவர் மட்டும் கூட்டத்தில் பக்கத்தில் நின்றவரிடமெல்லாம், "அந்தப் பெயிண்டுக்கு அடியில தேய்ச்சது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.